விமான நிலைய இடைத்தங்கல் நுழைவிசைவு

விமான நிலைய இடைத்தங்கல் நுழைவிசைவு (பேச்சு வழக்கில் டிரான்சிட் விசா) என்பது, ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குச் செல்லும் வழியில் மூன்றாம் நாடொன்றின் விமான நிலையத்தில் விமானம் மாறுவதற்காகப் பயணி பெறவேண்டிய முன் அனுமதி ஆகும். இது அந்த மூன்றாம் நாட்டுக்குள் நுழையும் உரிமையைத் தருவதில்லை. நிலையத்தின் பன்னாட்டுப் பகுதியில் அடுத்த விமானத்துக்காகக் காத்திருக்க மட்டுமே அனுமதிக்கிறது. எல்லாப் பயணிகளுக்கும் இது தேவைப்படுவதில்லை. பயணியின் குடியுரிமை, அவரிடம் உள்ள வதிவிட ஆவணங்கள், விமானம் மாறும் நாடு ஆகிய மூன்றுமே அதை முடிவு செய்கின்றன.

முன்கூட்டியே திட்டமிட்ட பயணத்தில் இது கூடுதலான ஓர் ஆவணம் மட்டுமே. ஆனால் தாயோ தந்தையோ இறந்த செய்தி கேட்டு அன்றே புறப்பட வேண்டியவருக்கு இதுவே பயணத்தின் முதல் தடையாகிவிடுகிறது. விண்ணப்பத்தைப் பரிசீலிக்கச் சட்டம் தரும் காலம் வாரக்கணக்கில் இருக்கிறது. இறுதிச் சடங்கோ பெரும்பாலும் ஓரிரு நாளில் முடிந்துவிடுகிறது.

பன்னாட்டுப் பகுதி

பெரிய விமான நிலையங்களில், குடிவரவுச் சோதனையைக் கடக்காமல் ஒரு விமானத்திலிருந்து இறங்கி மற்றொன்றில் ஏறும் வகையில் பன்னாட்டுப் பகுதி அமைந்துள்ளது. அங்கே இருப்பவர் அந்நாட்டுக்குள் நுழையாதவராகக் கருதப்படுகிறார். எனினும் அப்பகுதி எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத இடம் அன்று. 1992இல் பாரிசு ஓர்லி நிலையத்தில் தடுத்து வைக்கப்பட்ட சோமாலியர்கள் தொடர்பான அமூர் எதிர் பிரான்சு வழக்கில், ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 1996இல் இதைத் தெளிவுபடுத்தியது. பெயர் பன்னாட்டுப் பகுதி என்றாலும் அங்கே பிரெஞ்சுச் சட்டமே பொருந்தும் என்று அது கூறியது.

ஒருவர் இப்பகுதியை அடைந்தபின் அங்கிருந்தே புகலிடம் கோர முடியும். அதனாலேயே, சில நாட்டவர் அப்பகுதிக்கு வருவதற்கு முன்பே அவர்களை வடிகட்டும் வழியாக அரசுகள் இடைத்தங்கல் நுழைவிசைவைக் கொண்டுவந்தன.

வரலாறு

இந்தக் கட்டுப்பாடுகளின் வரலாற்றில் இலங்கைத் தமிழருக்கு நேரடித் தொடர்பு உண்டு. 1983 கலவரங்களுக்குப் பின் பலர் ஐரோப்பாவில் புகலிடம் தேடினர். 1985இல் ஐக்கிய இராச்சியம் இலங்கைக் குடிமக்களுக்கு நுழைவிசைவைக் கட்டாயமாக்கியது. பொதுநலவாய நாடொன்றின் மீது அது விதித்த இவ்வகைக் கட்டுப்பாடுகளில் இதுவே முதலாவது. 1987 பிப்ரவரியில் இலண்டன் ஹீத்ரோ நிலையத்தில் வந்திறங்கிய ஐம்பதுக்கும் மேற்பட்ட தமிழர்கள், தாங்கள் திருப்பி அனுப்பப்படுவதை எதிர்த்து ஆடை களைந்து போராடினர். அடுத்த சில வாரங்களில், உரிய ஆவணமில்லாத பயணியை ஏற்றிவரும் நிறுவனத்துக்கு ஆளொன்றுக்கு 1,000 பவுண்டு தண்டம் விதிக்கும் சட்ட முன்வரைவு நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டு, அதே ஆண்டில் சட்டமானது. பின்னர் இத்தொகை 2,000 பவுண்டாக உயர்ந்தது.

ஐரோப்பிய ஒன்றியம் 1996 மார்ச் 4 அன்று, விமான நிலைய இடைத்தங்கல் நுழைவிசைவு தேவைப்படும் 10 நாடுகளின் பொதுப் பட்டியலை வெளியிட்டது. அதில் இலங்கையும் இடம்பெற்றது. 2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ஒன்றிய நுழைவிசைவுச் சட்டத்தொகுப்பில் இப்பட்டியல் 12 நாடுகளாக விரிந்தது.

செங்கன் நாடுகளின் விதி

ஆப்கானித்தான், இலங்கை, ஈராக், ஈரான், எத்தியோப்பியா, எரித்திரியா, கானா, காங்கோ சனநாயகக் குடியரசு, சோமாலியா, நைசீரியா, பாக்கித்தான், வங்காளதேசம் ஆகியவை பொதுப் பட்டியலில் உள்ளன. இந்நாடுகளின் கடவுச்சீட்டு உடையோர் செங்கன் நாடுகளின் எந்த நிலையத்தில் விமானம் மாறினாலும் இந்த நுழைவிசைவைப் பெறவேண்டும். இதைத் தவிர, ஒவ்வொரு நாடும் தனக்கென வேறு சில நாட்டவரையும் சேர்த்துக்கொள்ளலாம். இந்தியா பொதுப் பட்டியலில் இல்லை. ஆயினும் செருமனி, பிரான்சு போன்ற நாடுகள் வெவ்வேறு காலங்களில் இந்தியர்களிடமும் இதைக் கோரியுள்ளன. இத்தகைய தனிப்பட்டியல்கள் அடிக்கடி மாறக்கூடியவை.

பட்டியலில் உள்ள நாட்டவருக்கும் விலக்குகள் உண்டு:

• செங்கன் நாடொன்றின் செல்லுபடியாகும் நுழைவிசைவு அல்லது வதிவிட அனுமதி உடையவர்கள்.
• ஐக்கிய அமெரிக்கா, கனடா, சப்பான் ஆகியவற்றின் செல்லுபடியாகும் நுழைவிசைவு உடையவர்கள், அதைப் பயன்படுத்திவிட்டு அந்நாடுகளிலிருந்து திரும்புபவர்கள்.
• அந்தோரா, ஐக்கிய அமெரிக்கா, கனடா, சப்பான், சான் மரீனோ ஆகியவை வழங்கிய வதிவிட அனுமதிகளில், சட்டத்தொகுப்பின் ஐந்தாம் இணைப்பில் பெயர் குறிப்பிடப்பட்டவற்றை உடையவர்கள். அமெரிக்கப் பச்சை அட்டையும் கனடிய நிரந்தர வதிவிட அட்டையும் இதில் அடங்கும்.
• ஒன்றியக் குடிமக்களின் குடும்பத்தினரில் சட்டம் குறிப்பிடுவோர், தூதரகக் கடவுச்சீட்டு உடையோர், விமானப் பணியாளர்.

ஆகவே இலங்கைக் கடவுச்சீட்டுடன் தொரொண்டோவில் வாழும் நிரந்தர வதிவிடக்காரர் பிராங்க்பர்ட் வழியாகக் கொழும்பு செல்ல இந்த நுழைவிசைவு தேவையில்லை. அதே கடவுச்சீட்டுடன், அதே ஊரில் வேலை அனுமதித் தாளை மட்டும் வைத்திருப்பவரின் நிலை வேறு. அத்தாள் நுழைவிசைவும் அன்று, நிரந்தர வதிவிட அட்டையும் அன்று.

பிற நாடுகளின் நடைமுறை

ஐக்கிய அமெரிக்காவில் பன்னாட்டுப் பயணிகளுக்கெனத் தனி இடைவழிப் பகுதி நடைமுறையில் இல்லை. விமானம் மாறுவோரும் குடிவரவுச் சோதனையைக் கடந்தாக வேண்டும். நுழைவிசைவின்றி இடைமாறும் வசதி முன்பு சில பயணிகளுக்கு இருந்தது. அது 2003 ஆகத்து 2 அன்று பாதுகாப்புக் காரணங்களுக்காக நிறுத்தப்பட்டது. இப்போது நுழைவிசைவு விலக்குத் திட்டத்தில் இல்லாத நாட்டவர் சி-1 என்ற இடைத்தங்கல் நுழைவிசைவையோ வேறு பொருத்தமான நுழைவிசைவையோ பெறவேண்டும்.

ஐக்கிய இராச்சியத்தில் இரு வகைகள் உள்ளன. குடிவரவுச் சோதனையைக் கடக்காமல் மாறுவோருக்கு ஒன்று, அதைக் கடந்து வெளியே வந்து 48 மணி நேரத்துக்குள் புறப்படுவோருக்கு மற்றொன்று. கனடாவின் இடைத்தங்கல் நுழைவிசைவும் 48 மணி நேரத்துக்கானது. அதற்குக் கட்டணம் இல்லை. ஆத்திரேலியாவில் 771 என்ற எண்ணுடைய வகை 72 மணி நேரம் வரை செல்லும், அதுவும் கட்டணமற்றது.

துபாய், அபுதாபி, தோகா, சிங்கப்பூர் ஆகிய நிலையங்களில் பன்னாட்டுப் பகுதியைவிட்டு வெளியேறாமல் மாறுவோரிடம் பொதுவாக நுழைவிசைவு கேட்கப்படுவதில்லை. தெற்காசியாவுக்கு அவசரமாகப் புறப்படும் பலர் இவ்வழிகளைத் தேர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பயணியைத் தடுத்து நிறுத்துபவர்

இடைவழி நாட்டின் குடிவரவு அதிகாரியைப் பயணி பெரும்பாலும் சந்திப்பதே இல்லை. புறப்படும் ஊரில் பயணப்பதிவு செய்யும் விமான நிறுவன ஊழியரே அவரை நிறுத்துகிறார். பன்னாட்டு வான் போக்குவரத்துச் சங்கத்தின் டிமாட்டிக் என்ற தரவுத்தளத்தில் கடவுச்சீட்டு விவரங்களைச் சரிபார்த்து, ஏற்றலாமா கூடாதா என அங்கேயே முடிவு செய்யப்படுகிறது.

தவறாக ஏற்றினால் நிறுவனத்துக்கு இழப்பு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2001ஆம் ஆண்டுப் பணிப்பாணை, இத்தண்டத்தின் மேல்வரம்பை ஆளொன்றுக்கு 5,000 யூரோவுக்குக் குறையாமலோ, கீழ்வரம்பை 3,000 யூரோவுக்குக் குறையாமலோ வைக்க உறுப்பு நாடுகளைக் கோருகிறது. இவற்றுக்கு மாற்றாக, ஒரு மீறலுக்கான மொத்தத் தண்டத்தின் மேல்வரம்பை 5,00,000 யூரோவுக்குக் குறையாமல் வைப்பதையும் நாடுகள் தேர்ந்துகொள்ளலாம். தவறாக மறுத்தாலோ, அந்த நேரத்தில் இழப்பு பயணிக்கே. எனவே ஐயம் வரும்போது மறுப்பதே ஊழியருக்குப் பாதுகாப்பான முடிவாகிறது. பயணியின் அவசரத்தைக் கணக்கில் எடுக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை.

விமானத்தில் ஏற்ற மறுக்கப்பட்டால் இழப்பீடு தரவேண்டும் என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டு ஒழுங்குவிதி, பயண ஆவணங்கள் போதாத நிலையை விலக்கி வைக்கிறது. ஆனால் ஆவணம் போதாது என்று நிறுவனம் சொல்வதே இறுதி முடிவு அன்று என ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. ஆவணங்கள் உண்மையில் போதாதவையா என்பதை வழக்கை விசாரிக்கும் நீதிமன்றமே ஆராய வேண்டும். தவறாக மறுக்கப்பட்டவருக்குப் பிற்பாடு பணம் கிடைக்க இது வழி செய்கிறது. தவறிப்போன சடங்கு திரும்பக் கிடைப்பதில்லை.

குடும்ப அவசரமும் காலக் கணக்கும்

ஒன்றியச் சட்டத்தொகுப்பின்படி, பயணத்துக்குக் குறைந்தது 15 நாள் முன்பாக விண்ணப்பிக்க வேண்டும் என்பது பொது விதி. விண்ணப்பத்தின் மீது 15 நாளுக்குள் முடிவெடுக்கப்படும். தேவைப்பட்டால் இது 45 நாள் வரை நீளலாம். கட்டணம் 2024 சூன் 11 முதல் 90 யூரோ. முதன்முறை விண்ணப்பிப்பவர் நேரில் சென்று கைரேகை பதிய வேண்டும்.

தமிழர் வழக்கத்தோடு இதை ஒப்பிட்டால் இடைவெளி புலப்படும். இறந்தவரின் உடல் பெரும்பாலும் மறுநாளே எரியூட்டப்படுகிறது. வெளிநாட்டிலுள்ள மகனுக்காகவோ மகளுக்காகவோ காத்திருந்தால் இன்னும் ஓரிரு நாள் தள்ளலாம். இசுலாமியக் குடும்பங்களில் அந்த அளவுக்கும் இடமில்லை. 15 நாள் பரிசீலனை முழுவதும் நடந்து முடியும்போது தமிழ்நாட்டுக் குடும்பங்கள் பலவற்றில் 16ஆம் நாள் கருமாதி வந்துவிடும். ஈழத்தில் எட்டுச்செலவு முடிந்து, 31ஆம் நாள் அந்தியேட்டிதான் மிஞ்சும்.

சட்டத்தில் அவசரத்துக்கு இடமில்லாமல் இல்லை. தகுந்த காரணமுள்ள தனிப்பட்ட அவசர நேர்வுகளில் 15 நாள் வரம்பைத் தளர்த்தவும், முன்பதிவின்றி விண்ணப்பத்தை ஏற்கவும், அல்லது உடனடியாக நேரம் ஒதுக்கவும் துணைத் தூதரகங்களுக்கு வழி உண்டு. நடைமுறையில் மூன்று இடர்கள் எழுகின்றன. முதலாவது, எந்த நாட்டின் நிலையத்தில் விமானம் மாறுகிறாரோ அந்த நாட்டின் துணைத் தூதரகத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும். வழி மாறினால் அலுவலகமும் மாறும். இரண்டாவது, அந்த அலுவலகம் வேறு நகரத்தில் இருக்கலாம், வார இறுதியில் மூடியிருக்கலாம். மூன்றாவது, அவசரத்துக்குச் சான்று வேண்டும். முதல் நாளில் குடும்பத்தினரிடம் இருப்பது ஒரு தொலைபேசி அழைப்பு மட்டுமே. இறப்புச் சான்றிதழ் கிடைக்கச் சில நாள்கள் ஆகும்.

அடிக்கடி நேரும் சிக்கல்கள்

காலாவதியான நுழைவிசைவு: அமெரிக்காவில் எச்-1பி பணியாளராக உள்ளவரின் கடவுச்சீட்டில் ஒட்டிய நுழைவிசைவு காலாவதியாகியிருந்தாலும், நீட்டிப்பு ஒப்புதல் அறிவிப்பைக் கொண்டு அவர் அந்நாட்டில் சட்டப்படி தொடர்ந்து வாழலாம். ஆனால் அந்த அறிவிப்பு ஐரோப்பிய விதிகளில் சொல்லப்படும் வதிவிட அனுமதி அன்று. அமெரிக்காவில் செல்லும் தாள் இடைவழியில் செல்லாமல் போகலாம்.

செங்கன் பகுதிக்குள் இரு நிலையங்கள்: பாரிசில் இறங்கி, பிராங்க்பர்ட் சென்று, அங்கிருந்து சென்னைக்குப் பறக்கும் பயணத்தில் பாரிசு–பிராங்க்பர்ட் பகுதி உள்நாட்டுப் பயணம் போன்றது. அதற்குச் செங்கன் பகுதிக்குள் நுழையவேண்டும். இடைத்தங்கல் நுழைவிசைவு அதற்குப் போதாது.

தனித்தனிச் சீட்டுகள்: அவசரத்தில் மலிவாகக் கிடைத்த இரு சீட்டுகளை வாங்கினால், முதல் நிறுவனம் பெட்டிகளை இறுதி ஊர்வரை அனுப்பாமல் போகலாம். பெட்டியை எடுத்து மீண்டும் ஒப்படைக்கக் குடிவரவுச் சோதனையைக் கடக்க வேண்டும். அப்போது தேவைப்படுவது நுழைவதற்கான அனுமதி.

ஏதிலியர்: 1951 ஏதிலியர் உடன்படிக்கையின்படி வழங்கப்படும் பயண ஆவணத்தைத் தேசியக் கடவுச்சீட்டுக்கு இணையாக எல்லா நாடுகளும் நடத்துவதில்லை. பிறந்த நாட்டுக்குச் செல்ல அந்த ஆவணம் பொதுவாகச் செல்லாது என்பதால், தாய்நாட்டில் நிகழும் இறப்புக்கு அவர்கள் செல்வது மேலும் கடினம்.

மீள்வருகை: புறப்படும்போது திரும்பும் வழியையும் பார்க்கவேண்டும். அமெரிக்காவில் இருந்தபடியே நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பித்துக் காத்திருப்பவர்களில், எச், எல் போன்ற சில வகையினர் தவிர மற்றவர்கள், முன் அனுமதி பெறாமல் வெளியேறினால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகக் கருதப்படுவர். அவசர நிலையில் இந்த முன் அனுமதியை விரைவாகக் கோரும் வழி உண்டு.

வழித்தேர்வு

அவசரப் பயணத்தில் பின்வரும் வரிசை நடைமுறைக்கு உகந்தது:

1. நேரடி விமானம் உள்ளதா எனப் பார்த்தல். இலண்டன்–கொழும்பு போன்ற தடங்களில் இது இயலும். கனடாவிலிருந்து இலங்கைக்கு நேரடிச் சேவை இல்லாததால் எங்காவது மாறியே ஆகவேண்டும்.
2. பயணியின் கடவுச்சீட்டுக்கு இடைத்தங்கல் நுழைவிசைவு கேட்காத நிலையத்தின் வழியாகச் செல்லுதல். ஒரே குடும்பத்தில் வெவ்வேறு கடவுச்சீட்டு உடையோர் இருந்தால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சரிபார்க்க வேண்டும்.
3. முழுப் பயணத்துக்கும் ஒரே சீட்டாக வாங்கி, பெட்டிகளை இறுதி ஊர்வரை பதிவு செய்தல்.
4. பணம் கட்டுவதற்கு முன் இடைவழி நாட்டின் அரசு இணையதளத்திலும் விமான நிறுவனத்திடமும் விதியை உறுதி செய்தல்.
5. வேறு வழியே இல்லாதபோது, மருத்துவமனைக் கடிதம் போன்ற கையில் உள்ள சான்றுகளுடன் துணைத் தூதரகத்தை நேரடியாக அணுகி, அவசர நேர்வாகக் கருதுமாறு எழுத்தில் கோருதல்.

முதியவர்களான பெற்றோரைப் பிரிந்து வாழ்வோருக்கு, வதிவிட அட்டையையும் கடவுச்சீட்டையும் காலாவதியாகும் முன்பே புதுப்பித்து வைப்பதும், தம் கடவுச்சீட்டுக்குத் தடையற்ற வழி எது என அமைதியான நாளொன்றில் தெரிந்து வைப்பதும் பெரிதும் உதவும்.