9. பதினான்கு வயதுப் பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது?

இளையோர் நூல் ஒன்று மதிப்புரைக்கு வந்தால் முதலில் பின்னட்டையைத் திருப்பிப் பார்ப்பது வழக்கம். '12 வயதுக்கு மேல்' என்று போட்டிருந்தால் பாதி மதிப்புரை மனத்துக்குள் எழுதி முடிந்துவிடும்: எளிய நடை, நல்ல கருத்து, பள்ளி நூலகங்களில் இருக்க வேண்டிய புத்தகம். அந்தப் பிள்ளை எந்த வீட்டில் வளர்கிறது, விடிந்ததும் என்ன வேலை பார்க்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

இளமைக்கு வயது எல்லை வகுத்தவர்களே ஆளுக்கொரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஐ.நா. சபைக்கு 15 முதல் 24 வரை. நம் தேசிய இளைஞர் கொள்கை 2003இல் 13 முதல் 35 வரை என்றது. 2014இல் அதையே 15 முதல் 29 ஆக்கியது. சாகித்திய அகாதெமியின் யுவ புரஸ்கார் 35 வயது வரையுள்ள எழுத்தாளர்களுக்கு. திட்டம் போடுகிறவர்களுக்கு ஓர் எண் வேண்டும், சரி. புத்தகத்தை எடைபோடுகிறவருக்கு அந்த எண்ணால் பெரிய பயன் இல்லை.

எஸ்.இ. ஹின்டனின் 'தி அவுட்சைடர்ஸ்' நாவலைப் படித்தால் இது சட்டென்று உறைக்கும். அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்து டல்சா நகரப் பெண் அவர். பள்ளி நாட்களிலேயே எழுதிய நாவல் 1967இல் வெளிவந்தபோது அவருக்கு 18 வயது. பெண் பெயரைக் கண்டால் ஆண் மதிப்புரையாளர்கள் படிக்காமலேயே தள்ளிவிடுவார்கள் என்று பதிப்பகத்தார் அஞ்சினார்கள். அதனால்தான் சூசன் எலோயிஸ் ஹின்டன் அட்டையில் எஸ்.இ. ஹின்டன் ஆனார். மதிப்புரை எழுதும் நாம் மறக்கக் கூடாத செய்தி இது.

கதையைச் சொல்பவன் 14 வயது போனிபாய். அப்பாவும் அம்மாவும் கார் விபத்தில் இறந்துவிட்டார்கள். நடு அண்ணன் சோடாபாப் 16 வயதில் படிப்பை விட்டுவிட்டு பெட்ரோல் பங்கில் நிற்கிறான். பெரிய அண்ணன் டேரிக்கு 20 வயது. கால்பந்தில் கெட்டிக்காரன், கல்லூரிக்குப் போயிருக்க வேண்டியவன், கூரை வேயும் வேலைக்குப் போகிறான். கூரைத் தகடுகளை ஒரு கட்டாக எடுத்துப் போனால் போதாதென்று இரண்டு கட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறுவான், முதுகு பிடித்துக்கொள்ளும், வீட்டுக்கு வந்தால் தம்பி சோடா முதுகை நீவிவிடுவான். மூவரில் ஒருவன் ஏதாவது வம்பில் மாட்டினாலும் அரசாங்கம் தம்பிகளைப் பிரித்து விடுதிக்கு அனுப்பிவிடும் என்ற பயம் டேரிக்கு எப்போதும் உண்டு. அதே ஊரில் வசதியான வீட்டுப் பையன்கள் குடித்துவிட்டு, விலை உயர்ந்த காரில் சுற்றி, ஏழைப் பையன்களை அடிக்கிறார்கள். அவர்கள் செய்வதை ஊர் விளையாட்டுப் புத்தி என்று விட்டுவிடும். டேரிக்கு அந்தச் சலுகை கிடைக்காது. யாருடைய சுமையை யார் தூக்குகிறார்கள் என்பதில்தான் இளமை இருக்கிறது என்பது என் முடிவு.

தமிழில் இதை அழுத்தமாகச் சொன்ன நாவல் பெருமாள்முருகனின் 'கூளமாதாரி'. கூளையன் பண்ணையத்தில் ஆடு மேய்க்கும் பையன். பண்ணையக்காரர் மகன் செல்வனும் ஏறக்குறைய அவன் வயதுதான். செல்வன் பள்ளிக்கூடம் போகிறான், கூளையன் ஆடுகளின் பின்னால் போகிறான். ஒருவன் இளையோன், இன்னொருவன் ஆள்காரன். இந்த நாவலை நாம் பெரியவர்களின் அலமாரியில் வைத்துவிட்டோம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைக் கொடுக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். கொடுமை வருகிறதே என்பார்கள். அந்தக் கொடுமைக்கு ஆளானவனே சின்னப் பையன்தானே!

எது தங்கள் புத்தகம் என்பது பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரியும். ஹின்டனின் நாவலைப் படமாக்குங்கள் என்று 1980இல் கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ அருகே ஒரு பள்ளி நூலகரும் மாணவர்களும் கையெழுத்திட்டு இயக்குநர் பிரான்சிஸ் ஃபோர்டு கொப்பலாவுக்குக் கடிதம் எழுதினார்கள். 1983இல் படம் வந்தது.

உங்கள் வீட்டில், தெருவில் 13 முதல் 18 வயதுக்குள் யாராவது இருந்தால், அண்மையில் பிடித்துப்போன ஒரு புத்தகத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதி இந்த இதழுக்கு அனுப்பச் சொல்லுங்கள். பிடிக்காமல் போனதைப் பற்றியும் எழுதலாம். கடையிலோ பட்டறையிலோ வேலை பார்த்துக்கொண்டே படிக்கிற பிள்ளைகளை அவசியம் கேளுங்கள்.

(தொடரும்)