ஆய்வகத்தில் வளரும் 'சமாதானப் படை': ஏழைக்கு எட்டுமா?

- நமது நாடாளுமன்றச் செய்தியாளர் -

புது தில்லி: நோயாளியின் ரத்தத்திலிருந்து குறிப்பிட்ட செல்களைப் பிரித்தெடுத்து, ஆய்வகத்தில் பல நூறு மடங்கு பெருக்கி, மீண்டும் அவர் உடலிலேயே செலுத்தும் புதிய சிகிச்சை உலகின் பல நாடுகளில் பரிசோதிக்கப்பட்டு வருகிறது. இவை நோயை எதிர்த்துப் போரிடும் செல்கள் அல்ல. போரிடும் செல்களைக் கட்டுக்குள் வைத்திருக்கும் செல்கள். 'ஒழுங்குபடுத்தும் டி செல்கள்' என்று இவற்றுக்குப் பெயர்.

இவற்றைப் பற்றிய கண்டுபிடிப்புகளுக்காக ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி, அமெரிக்காவின் மேரி பிரன்கோ, பிரெட் ராம்ஸ்டெல் ஆகிய மூவருக்கும் 2025-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. இத்துறையில் அடிப்படை ஆய்வும், செல் சிகிச்சை உற்பத்தியும் ஒருசேர நடைபெறும் நகரம் இந்தியாவில் உண்டு, அது பெங்களூரு. ஆனால், அங்கு உருவாகும் சிகிச்சை சாமானியரின் கைக்கு எட்டுமா என்பதை முடிவு செய்யவேண்டியது தில்லி.

படைக்கு ஒரு கடிவாளம்

கிருமிகளை அழிக்க வேண்டிய நோய் எதிர்ப்புப் படை, சில சமயம் சொந்த உடலையே தாக்கத் தொடங்கிவிடுகிறது. குழந்தைகளைப் பாதிக்கும் முதல் வகை நீரிழிவு அவ்வாறு வருவதே. மாற்றிப் பொருத்தப்பட்ட சிறுநீரகத்தை உடல் ஏற்க மறுப்பதும் இப்படையின் வேலைதான்.

இப்படைக்குக் கடிவாளமிடும் செல்கள் உண்டு என்பதை 1995-இல் சகாகுச்சி நிறுவினார். அக்கடிவாளத்துக்கு அடிப்படையான 'பாக்ஸ்-பி3' என்ற மரபணுவை 2001-இல் பிரன்கோவும் ராம்ஸ்டெல்லும் அடையாளம் கண்டனர்.

ரத்தத்தில் உள்ள உதவி டி செல்களில் நூற்றுக்கு 5 முதல் 10 வரையே இவ்வகையைச் சேர்ந்தவை. எனவே, சிகிச்சைக்குத் தேவையான அளவை அடைய இவற்றை ஆய்வகத்தில் வளர்த்தாக வேண்டும். தூண்டுபொருள் பூசிய நுண்மணிகளும், 'இன்டர்லூகின்-2' என்ற வளர்ச்சிப் புரதமும் சேர்த்து இரண்டு, மூன்று வாரங்கள் வளர்க்கின்றனர். பிற செல்கள் உடன் பெருகாமலிருக்க 'ராபமைசின்' மருந்தும் சேர்க்கப்படுவதுண்டு. தூய்மையில் குறை ஏற்பட்டால் ஆபத்து. சமாதானத்துக்கு அனுப்பும் படையோடு தாக்கும் செல்களும் கலந்து சென்றுவிடும்.

போலந்து மருத்துவர்கள் 2009-இல் மனிதர்களிடம் முதன்முதலாக இதைப் பயன்படுத்தியதை வெளியிட்டனர். முதல் வகை நீரிழிவு உள்ள 14 பேருக்கு இச்செல்களைச் செலுத்திய அமெரிக்க ஆய்வு, பாதுகாப்பில் பெரிய சிக்கல் எழவில்லை என்று 2015-இல் தெரிவித்தது. சிறுநீரக மாற்று சிகிச்சை பெற்ற சிலருக்கு எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளைக் குறைக்க முடிந்தது என்பது 2020-இல் வெளியான பன்னாட்டு ஆய்வின் முடிவு. நம்பிக்கை அளிக்கும் முடிவுகளே எனினும், இவை சிறிய எண்ணிக்கையிலான நோயாளிகளிடம் கிடைத்தவை என்பதை மறக்கலாகாது.

பெங்களூருவின் பங்கு

ஆய்வகத்தில் வளர்ச்சிப் புரதத்தை ஊட்டி வளர்த்த செல்கள், அது போதிய அளவு கிடைக்காத உடலுக்குள் சென்றபின் எப்படிப் பிழைக்கும்? இச்சிகிச்சையின் முக்கியக் கேள்விகளுள் ஒன்று இது. பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் பேராசிரியை அபூர்வா சரின் தலைமையிலான குழு இதற்கு நெருக்கமான ஒரு விடையை 2012-இல் வெளியிட்டது. ஒழுங்குபடுத்தும் செல்கள் 'நாட்ச்' என்ற புரதத்தின் சமிக்ஞையால் நெருக்கடியிலும் உயிர் பிழைக்கின்றன என்பதே அது. மக்கள் வரிப்பணத்தில் நடந்த ஆய்வு அது.

அந்த மையம் நகரின் வடக்கே, பெல்லாரி சாலையில் உள்ளது. தெற்கே பொம்மசந்திராவில், இம்யூனீல் என்ற தனியார் நிறுவனம் செல் சிகிச்சை உற்பத்திக் கூடத்தை நடத்துகிறது. ரத்தப் புற்றுநோய்க்கான 'கார்-டி' செல் சிகிச்சையை அந்நிறுவனம் 2025 ஜனவரியில் அறிமுகப்படுத்தியது. அதற்கு முன்பே, மும்பை ஐஐடியும் டாடா நினைவு மருத்துவமனையும் உருவாக்கிய இந்தியாவின் முதல் 'கார்-டி' சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. 2024 ஏப்ரல் 4-ஆம் தேதி குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

'கார்-டி' செல்கள் தாக்குபவை. ஒழுங்குபடுத்தும் செல்கள் தடுப்பவை. ஆனால், ரத்தம் எடுப்பது, செல்களைப் பிரிப்பது, தூய அறையில் வளர்ப்பது, சோதித்துச் செலுத்துவது என உற்பத்திப் பாதை பெரும்பாலும் ஒன்றே. ஒன்றைக் கற்ற கை மற்றொன்றையும் செய்யும்.

ஐந்து லட்சமும் நாற்பது லட்சமும்

வெளிநாடுகளில் 3 கோடி ரூபாய்க்கு மேல் செலவாகும் 'கார்-டி' சிகிச்சையை, இந்தியாவில் சுமார் 40 லட்ச ரூபாயில் தர முடிந்தது பெரும் சாதனை. ஆயினும், ஆயுஷ்மான் பாரத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு அளிக்கும் காப்பீடு 5 லட்ச ரூபாய் மட்டுமே. தமிழர்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் பெங்களூரு ஒக்கலிபுரத்துக் கூலித் தொழிலாளிக்கு, மூன்று கோடியும் நாற்பது லட்சமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆய்வு மையமும் உற்பத்திக் கூடமும் அவர் வாழும் நகரிலேயே இருப்பதால் மட்டும் சிகிச்சை அவர் வீட்டு வாசலுக்கு வந்துவிடாது.

ஒழுங்குபடுத்தும் செல்களின் கணக்கு இன்னும் பெரியது. 2021-ஆம் ஆண்டின் பன்னாட்டு மதிப்பீட்டின்படி, முதல் வகை நீரிழிவு உள்ள 20 வயதுக்குட்பட்டோர் இந்தியாவில் 2 லட்சத்து 29 ஆயிரம் பேர். உலகிலேயே இதுதான் அதிகம். 2023-இல் நாட்டில் 18 ஆயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பு மாற்று அறுவைச் சிகிச்சைகள் நடந்துள்ளன. அவர்களில் பெரும்பாலோர் வாழ்நாள் முழுதும் மருந்து உட்கொள்ள வேண்டும்.

தேசிய உறுப்பு மாற்றுத் திட்டத்தின் கீழ், வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளோருக்கு இம்மருந்துக்காக மாதம் 10 ஆயிரம் ரூபாய் வரை வழங்க வழி உண்டு. பத்து ஆண்டுகளுக்குக் கணக்கிட்டால் ஒருவருக்கு 12 லட்சம். செல் சிகிச்சை வெற்றி பெற்று, அதன் விலையும் குறையுமானால், அரசுக்கே அது லாபமாக முடியக்கூடும். எனவே இதை அறிவியல் ஆர்வமாக மட்டும் கருதாமல், நிதிக் கணக்காகவும் சுகாதார அமைச்சகம் பார்ப்பது நல்லது.

அவை கேட்க வேண்டியவை

மத்திய அமைச்சரவை 2024 ஆகஸ்டில் ஒப்புதல் அளித்த உயிரித் தொழில்நுட்பக் கொள்கையில் இத்தகைய உயிரியல் சிகிச்சைகளுக்கு இடம் தரப்பட்டுள்ளது. ஆனால், தொழில் வளர்ச்சிக்கான கொள்கை வேறு. நோயாளிக்கான உத்தரவாதம் வேறு. அரசியல் சட்டப்படி மருத்துவமனைகள் மாநிலப் பட்டியலிலும், மருந்துகள் பொதுப் பட்டியலிலும் உள்ளன. மத்திய அரசும் மாநில அரசுகளும் ஒன்றையொன்று கைகாட்டித் தப்பித்துக் கொள்ள இது வாய்ப்பாகிவிடக் கூடாது.

உறுப்பினர்கள் எழுப்ப வேண்டிய கேள்விகள் மூன்று. அரசு நிதியில் விளைந்த ஆய்வைத் தனியார் நிறுவனம் பயன்படுத்தும்போது, விலைக்கு நிபந்தனை உண்டா? அரசு மருத்துவமனைகளில் செல் வளர்ப்புக் கூடங்கள் அமையுமா? மூன்றாவது, முறைப்படுத்தல் பற்றியது. 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் விதிகள் ஸ்டெம் செல், மரபணு சிகிச்சைப் பொருள்களைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றன. மரபணு மாற்றமின்றி வெறுமனே பெருக்கப்படும் எதிர்ப்பாற்றல் செல்களும் ஐயத்துக்கு இடமின்றி அவ்விதிகளில் குறிப்பிடப்படுமா?

ஸ்டெம் செல் பெயரால், நிரூபிக்கப்படாத சிகிச்சைகளைப் பெரும் கட்டணத்துக்கு விற்ற மையங்களை நாடு கண்டிருக்கிறது. சட்டம் தாமதித்த இடைவெளியில் ஏமாந்தவர்கள் கடன் வாங்கிச் செலவழித்த ஏழைப் பெற்றோரே. நோபல் பரிசின் வெளிச்சத்தில் இன்னொரு கடை திறக்கப்படுவதற்கு முன், அவை விழித்துக்கொள்ள வேண்டும்.