வெண்டைக்கும் வைரஸ்!



'வைரஸ்' என்றவுடன் கம்ப்யூட்டர் பிரிவு நண்பர்கள் பென் டிரைவைப் பார்ப்பார்கள். மற்றவர்களுக்குச் சளி, காய்ச்சல் ஞாபகம் வரும். நான் சொல்லப் போவது மூன்றாவது வகை. நம்மில் பலருடைய வீட்டு வயிற்றில் அடிக்கிற வகை.

ஜெயங்கொண்டத்தைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து வரும் நம்மில் நிறையப் பேர் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள்தான். முந்திரி வருஷத்துக்கு ஒரு தடவைதான் காசு கொடுக்கும். போர் தண்ணி இருக்கிறவர்கள் அரைக் காணி வெண்டையோ பாகலோ போட்டால், ஒன்றுவிட்டு ஒருநாள் கையில் நாலு காசு புரளும். நம்ம பஸ் செலவு, பரீட்சைப் பணம் எல்லாம் அதிலிருந்துதான். அந்தக் கொல்லையில் 'தேமல் விழுந்துடுச்சு' என்றால் என்ன அர்த்தம் என்று விளக்கவே இந்தக் கட்டுரை.

எங்கள் வெண்டையிலும் அது வந்தது. கடையில் 'வைரஸ் மருந்து' என்று ஒரு பாட்டில் கொடுத்தார்கள். அப்பா இரண்டு தடவை அடித்தார். மஞ்சளான செடியில் ஒன்றுகூடப் பச்சைக்குத் திரும்பவில்லை. "மருந்து டூப்ளிகேட்டா இருக்குமோ?" என்றார். ஒரிஜினலாக இருந்தாலும் அதே கதிதான். ஏன் என்று பார்ப்போம்.

அடையாளம் என்ன?

இந்த நோய்க்கு மஞ்சள் நரம்புத் தேமல் நோய் என்று பெயர். 1924-லேயே அன்றைய பம்பாய் மாகாணத்தில் பதிவான பழைய நோய் இது. இளம் இலையில் நரம்புகள் மட்டும் மஞ்சளாகி, மஞ்சள் நூலில் வலை பின்னியது போல் தெரியும். பிறகு இலை முழுவதும் வெளுக்கும். காய் சிறுத்து, மஞ்சளாகி, நாரேறிப் போகும். கமிஷன் மண்டியில் கையால்கூடத் தொட மாட்டார்கள்.

சிலர் இதைச் சத்துக் குறைவு என்று நினைத்து உரத்தைக் கொட்டுகிறார்கள். இரும்புச் சத்துக் குறைந்தால் நரம்பு பச்சையாக இருக்கும், இடைப்பகுதி மஞ்சளாகும். வைரஸில் இது நேர் தலைகீழ். இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டாலே ஒரு மூட்டை உரக் காசு மிச்சம்.

ஒரு கிலோபைட் எதிரி

வெண்டை வைரஸின் ஒரு துகள் சுமார் 20 நானோமீட்டர் அகலமும் 30 நானோமீட்டர் நீளமும் கொண்டது. ஒரு மில்லிமீட்டருக்குள் வரிசையாக நிறுத்தினால் 30,000-க்கு மேல் நிற்கும். அதற்குள் இருக்கும் டி.என்.ஏ. சுமார் 2,700 எழுத்துகள். நான்கே வகை எழுத்து என்பதால் ஒரு எழுத்துக்கு 2 பிட் போதும். கணக்குப் போட்டால் 700 பைட் கூட வராது!

மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003-ல் வெளியிட்ட ஆய்வில் ஒரு புதிரை விடுவித்தார்கள். இந்த வைரஸை மட்டும் தனியாகச் செடிக்குள் செலுத்தினால் இலை லேசாகச் சுருண்டது. 'பீட்டா சாட்டிலைட்' என்னும் 1,350 எழுத்துள்ள துணை டி.என்.ஏ.வையும் சேர்த்துச் செலுத்தியபோதுதான் முழு மஞ்சள் நரம்பு நோய் வந்தது. செடிக்குள்ளும் ஒரு தற்காப்பு உண்டு. அதை முடக்குவது இந்தத் துணையின் வேலை. எலக்ட்ரிகல் பாஷையில் சொன்னால், பியூஸை எடுத்துவிட்டு டைரக்ட் கொடுத்த மாதிரி. இரண்டையும் சேர்த்தாலும் ஒரு கிலோபைட்தான்!

வைரஸுக்கென்று சொந்த மிஷின் கிடையாது. செடியின் செல்லுக்குள் புகுந்து, அதன் மிஷினிலேயே தன்னைக் காப்பி எடுக்கிறது. அந்த மிஷினை நிறுத்தினால் செடியே செத்துப் போகும். பூஞ்சாண மருந்து பூஞ்சாணத்தைக் கொல்லும், பூச்சி மருந்து பூச்சியைக் கொல்லும். வைரஸ் புகுந்த செடியைக் குணப்படுத்த வயலில் அடிக்கிற மருந்து எதுவும் கிடையாது.

சுமந்து வருவது யார்?

இலையின் அடிப்புறத்தில் ஒட்டியிருக்கும் ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள வெள்ளை ஈதான் வாகனம். நோயுள்ள செடியில் சாறு உறிஞ்சும்போது வைரஸ் அதன் உடம்புக்குள் போய், எச்சில் வழியாக அடுத்த செடிக்கு இறங்குகிறது. விதை வழியாகவோ கை பட்டோ இந்த நோய் பரவாது.

எப்போது தொற்றுகிறது என்பதுதான் முக்கியம். 1974-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, முளைத்த 35-ஆம் நாளில் நோய் தொற்றினால் மகசூல் இழப்பு 94 சதவீதம். 50-ஆம் நாளில் என்றால் 84. 65-ஆம் நாளில் என்றால் 49. ஆக, முதல் ஒன்றரை மாதக் காவல்தான் உண்மையான மருந்து. மஞ்சளான பிறகு செய்கிற செலவு, வெள்ளம் வந்தபின் போடுகிற அணை.

செய்ய வேண்டியவை

1. தேமல் கண்ட செடியைத் தயங்காமல் ஆரம்பத்திலேயே பிடுங்கிப் புதைக்க வேண்டும். "காய் நாலு வரட்டுமே" என்று விட்டால் அது பக்கத்துச் செடிக்கெல்லாம் குடோன் ஆகிவிடும்.

2. விதைக்கும் முன்பே கொல்லையைச் சுற்றி இரண்டு மூன்று வரிசை மக்காச்சோளம் போட்டால் ஈக்குத் தடுப்புச் சுவர்.

3. மஞ்சள் நிறம் வெள்ளை ஈயை இழுக்கும். மஞ்சள் பெயிண்ட் அடித்த தகரத்தில் விளக்கெண்ணெய் தடவி அங்கங்கே நட்டால், ஈ வந்துவிட்டதா என்று முன்கூட்டியே தெரியும். நம்ம ஒர்க்ஷாப் கழிவுத் தகரமே போதும்.

4. வேப்பங்கொட்டைச் சாறு 5 சதவீதம். 10 லிட்டர் டேங்குக்கு அரை கிலோ பருப்பை இடித்து, ராத்திரி ஊறவைத்து, வடிகட்டி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து இலையின் அடியில் படும்படி அடிக்க வேண்டும். ஒரே பூச்சி மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் ஈ அதற்குப் பழகிவிடும்.

5. வரப்பில் உள்ள ரயில் பூண்டு போன்ற களைகளை எடுக்க வேண்டும். பயிர் இல்லாத நாளில் வைரஸ் குடியிருப்பது அங்கேதான்.

6. கோடையில் வெள்ளை ஈ அதிகம். நோய் தாங்காத ரகத்தை அப்போது போடக் கூடாது. 'தாங்கும் ரகம்' என்பதும் நிரந்தரமல்ல. 1960 வாக்கில் பேர் வாங்கிய பூசா சவானி பிறகு தோற்றது. பெங்களூரில் உருவான அர்க்கா அனாமிகாவுக்கும் பல இடங்களில் நோய் வந்துவிட்டது. எனவே இன்றைய ரகம் எது என்று சோழமாதேவி வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

கொடிக்காய்களும் தப்பவில்லை

பாகல், பூசணியில் வரும் மஞ்சள் தேமலும் வெள்ளை ஈ வேலைதான். மரவள்ளியைத் தாக்கும் வைரஸ் ஒன்று பாகலிலும் இருப்பது 2007-ல் தமிழ்நாட்டில் பதிவானது. டெல்லித் தக்காளியில் கண்டறியப்பட்ட இலைச்சுருள் வைரஸ் 2012-ல் ஸ்பெயின் நாட்டுச் சீமைச் சுரைக்காயையே தாக்கியது. வெள்ளரித் தேமல் வைரஸ் மட்டும் வேறு ரகம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட செடி இனங்களில் வரும் இதைச் சுமப்பது அசுவினி. சில விநாடிகளிலேயே வைரஸை ஏற்றி இறக்கிவிடும். மருந்து பட்டு அது சாவதற்குள் வேலை முடிந்துவிடும். கத்தி, கை வழியாகவும் இது பரவும். அதனால் நோய்க்கொடியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் அடுத்த கொடியைத் தொட வேண்டும்.

நண்பர்களே! நாம் வேளாண்மை படிக்கவில்லை. ஆனால் அளந்து பார்க்கவும், காரணம் தேடவும் படிக்கிறோம். அடுத்த லீவில் கொல்லைக்குப் போனால் நாலு இலையைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளை ஈ பறந்தால், செடி இன்னும் பச்சையாக இருந்தால், அப்பாவிடம் அன்றைக்கே சொல்லுங்கள். அதுதான் சொல்ல வேண்டிய நேரம்.