கூப்பிட்ட குரலே பெயரானது... ஹேமிஷ் கதை!

“முருகா, சாப்பிட வா!” என்று அம்மா கூப்பிடுகிறார். அதைக் கேட்ட வெளியூர்க்காரர் ஒருவர், பையனின் பெயரே ‘முருகா’தான் என்று எழுதிக்கொண்டு போனால் எப்படியிருக்கும்? ஸ்காட்லாந்தில் கிட்டத்தட்ட அப்படித்தான் நடந்தது. ஹேமிஷ் என்ற பெயர் பிறந்த கதை இது.

ஸ்காட்லாந்து மலைநாட்டின் பழைய மொழி கேலிக். ஆங்கிலத்தில் ஜேம்ஸ் என்பவர் அங்கே ‘ஷேமஸ்’. இரண்டுக்கும் மூலம் ஹீப்ரு மொழியின் யாக்கோபு. தமிழ் பைபிளில் இயேசுவின் சீடர் ஜேம்ஸை இன்றும் யாக்கோபு என்றுதானே படிக்கிறோம்!

தமிழில் இருப்பதுபோல கேலிக்கிலும் விளி வேற்றுமை உண்டு. நாம் பெயரின் வாலை மட்டும் மாற்றுவோம். அவர்கள் தலையையும் மாற்றுவார்கள். முதலில் வரும் ‘ஷ’, ‘ஹ’ ஆகும்; கடைசி ‘ஸ்’, ‘ஷ்’ ஆகும். ஆக, ஷேமஸை அழைத்தால் “ஹேமிஷ்!” காதில் விழுந்த இந்த ஒலியையே ஆங்கிலம் பெயராக எடுத்துக்கொண்டது. மேரிக்கும் இதே கதைதான். கேலிக்கில் அவர் ‘மாரி’, கூப்பிடும்போது ‘வாரி’. இன்று வாரி என்பதும் தனிப் பெயர்.

1827-ல் வால்டர் ஸ்காட் எழுதிய ‘தி ஹைலேண்ட் விடோ’ கதையின் நாயகன் ஒரு ஹேமிஷ். ஆங்கிலேயர்களை வெறுக்கும் தாய். அவர்களின் ராணுவத்தில் சேர்ந்துவிட்ட மகன். விடுப்பில் வந்தவன் திரும்பிப் போகக் கூடாதென்று, தாயே மயக்க மருந்து கொடுத்துத் தூங்கவைக்கிறாள். கெடு தவறிவிடுகிறது. தேடிவந்த அதிகாரியைத் தாயின் தூண்டுதலால் சுட்டுவிடுகிறான். முடிவு, அவனுக்கு மரண தண்டனை. படிக்கவே மனம் கனக்கும் கதை.

வரலாற்றில் ஒரு வேடிக்கையும் உண்டு. கேலிக் மொழியையே ஒழித்து, ஊர்தோறும் பள்ளி வைத்து ஆங்கிலம் பரப்ப 1616-ல் உத்தரவிட்டது ஸ்காட்லாந்து மன்னரின் ஆலோசனைச் சபை. அந்த மன்னரின் பெயர்? ஆறாம் ஜேம்ஸ்! கேலிக்கில் அவரும் ஒரு ஷேமஸ்தான்.

பின்னாளில் காற்று திசை மாறியது. 1868-ல் கிரீனாக் நகரில் பிறந்த ஜேம்ஸ் மக்கன், லண்டனில் இசை படித்து, ஸ்காட்லாந்தின் மலைகளையும் ஆறுகளையும் இசையாக்கினார். ஜேம்ஸை உதறிவிட்டு அவர் வைத்துக்கொண்ட பெயர், ஹேமிஷ் மக்கன்.

2022 கணக்கெடுப்பின்படி ஸ்காட்லாந்தில் கேலிக் பேசுபவர்கள் சுமார் 70 ஆயிரம் பேர். அவர்கள் வீடுகளில் பையன் இன்னமும் ஷேமஸ்தான். சாப்பிடக் கூப்பிடும்போது மட்டும் ஹேமிஷ்.