எஞ்சின் ஏன் திக்குகிறது?

சாலைச் சந்திப்பில் சிவப்பு விளக்குக்காக ஒரு கார் நிற்கிறது. அதன் எஞ்சின் ஒரே சீராக ஒலிக்கவில்லை. விட்டுவிட்டு ஒலிக்கிறது, வண்டி முழுவதும் நடுங்குகிறது. பச்சை விளக்கு எரிந்ததும் ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறார். வண்டி ஒரு கணம் தயங்கி, பிறகே நகர்கிறது. இதைத்தான் பட்டறைகளில் "மிஸ்ஸிங் இருக்கிறது, பிக்கப் இல்லை" என்கிறார்கள். எதிரே லாரி வரும் சாலையில் மற்றொரு வண்டியை முந்தும்போது இந்தத் தயக்கம் ஏற்பட்டால் அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

இதற்குப் பலரும் செய்யும் வைத்தியம் என்ன? முதலில் பிளக்கை மாற்றுகிறார்கள். குணமாகவில்லையென்றால் காயிலை மாற்றுகிறார்கள். பிறகு கார்புரேட்டரைக் கழற்றுகிறார்கள். பணம் கரைகிறது, நோய் அப்படியே இருக்கிறது. ஆனால் எஞ்சின் எப்போது திக்குகிறது, எந்தத் தாளத்தில் திக்குகிறது என்று கவனித்தாலே, ஸ்பானரைக் கையில் எடுக்குமுன் பாதிக் காரணங்களை ஒதுக்கிவிடலாம். எப்படி என்று பார்ப்போம்.

மூன்று தேவைகள்

பெட்ரோல் எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டருக்கும் மூன்று பொருத்தங்கள் அமைய வேண்டும். முதலாவது, சரியான கலவை. கலப்பில்லாத பெட்ரோல் 1 கிராம் முழுமையாக எரிய, ஏறத்தாழ 14.7 கிராம் காற்று தேவை. கன அளவில் பார்த்தால், 1 லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று வேண்டும்! இரண்டாவது, அந்தக் கலவையைப் பிஸ்டன் நன்கு அமுக்க வேண்டும். மூன்றாவது, சரியான நேரத்தில் வலுவான தீப்பொறி விழ வேண்டும். பேட்டரியின் 12 வோல்ட் மின்சாரத்தை இக்னிஷன் காயில் பத்தாயிரம் வோல்ட்டுக்கும் மேலாக உயர்த்தித் தருவது இதற்காகத்தான்.

"சரியான நேரம்" என்பது என்ன? தீப்பொறி விழுந்ததும் கலவை முழுவதும் ஒரே கணத்தில் எரிந்துவிடுவதில்லை. சுடர் பரவ ஆயிரத்தில் இரண்டு விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 800 சுற்றில் ஓடும் எஞ்சினின் கிராங்க் தண்டு அதற்குள் சுமார் 10 டிகிரி சுழன்றுவிடும். 3,000 சுற்றில் 36 டிகிரி சுழன்றுவிடும். எனவே வேகம் கூடக் கூடத் தீப்பொறியை முன்கூட்டியே விழச் செய்ய வேண்டும். பழைய கார்களில் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் சிறு எடைகள் சுழற்சியால் வெளிப்புறமாக விரிந்து இந்த வேலையைச் செய்தன. அவை துருப்பிடித்து இறுகிவிட்டால், நிற்கும்போது நன்றாக ஓடும் எஞ்சின் வேகத்தில் இழுவை இழந்துவிடும்.

தாளத்தைக் கேளுங்கள்

நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒன்று ஐடிலிங்கில் நிமிடத்துக்கு 800 முறை சுழல்கிறது என்று கொள்வோம். ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரிகிறது. அதாவது, நிமிடத்துக்கு 400 முறை. நான்கும் சேர்ந்து விநாடிக்கு ஏறத்தாழ 27 எரிப்புகள். 2014-இல் உற்பத்தி நின்ற அம்பாசிடரின் பெட்ரோல் எஞ்சினில் இவை 1-3-4-2 என்ற வரிசையில் நிகழ்ந்தன.

இப்போது மூன்றாம் சிலிண்டர் மட்டும் எரியவில்லை என்றால்? ஒவ்வொரு நான்காவது துடிப்பும் விடுபடும். விநாடிக்கு ஆறு ஏழு முறை, ஒரே ஒழுங்கில், ஓர் இடைவெளி கேட்கும். ஆகவே தாளம் தவறாத திக்கல் என்றால் நோய் ஒரே சிலிண்டரில் இருக்கிறது என்று கொள்ளலாம். அதன் பிளக், வயர், வால்வு ஆகியவற்றையே சந்தேகிக்க வேண்டும். மாறாக, ஒழுங்கின்றி அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திக்கினால், எல்லாச் சிலிண்டர்களுக்கும் பொதுவான ஒன்றில் குறை இருக்கலாம். கார்புரேட்டர், பெட்ரோல் பம்ப், காயில், டிஸ்ட்ரிபியூட்டரின் பாயிண்ட், கண்டென்சர் போன்றவை அந்த வகை.

எப்போது திக்குகிறது?

ஐடிலிங்கில் நடுங்கி, வேகம் எடுத்ததும் சரியாகிவிடுகிறதா? காற்றுக் கசிவைத் தேடுங்கள். ஐடிலிங்கில் திராட்டில் கதவு ஏறக்குறைய மூடியிருப்பதால், கலவை செல்லும் குழாயான மானிபோல்டுக்குள் அழுத்தம் வெளிக்காற்றில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடுகிறது. கேஸ்கட்டில் ஒரு சிறு விரிசல் இருந்தாலும் காற்று உள்ளே பாய்ந்து, கலவையில் பெட்ரோலின் பங்கைக் குறைத்துவிடும். திராட்டில் திறந்ததும் எஞ்சின் இழுக்கும் காற்றோ பன்மடங்காகிறது. அதில் கசிவின் பங்கு அற்பமாகிவிடுகிறது. சரியாக மூடாத வால்வும் இப்படித்தான் ஏமாற்றும். மெதுவான ஓட்டத்தில் அமுக்கம் கசிய நேரம் கிடைக்கிறது. வேகத்தில் அந்த நேரம் கிடைப்பதில்லை.

ஐடிலிங்கில் நன்றாக இருந்து, மேடு ஏறும்போது மட்டும் திக்குகிறதா? இரண்டு காரணங்களை நினைக்கலாம். அடைபட்ட பில்டர் ஐடிலிங்குக்குப் போதுமான பெட்ரோலை விடும். சுமை ஏறும்போது தேவைப்படும் அளவை விடாது. மற்றொன்று தீப்பொறி. சிலிண்டரில் அழுத்தம் கூடக் கூட, பிளக்கின் இடைவெளியைத் தாண்டத் தேவையான மின்னழுத்தமும் கூடுகிறது. பலவீனமான காயிலும், உறை வெடித்த வயரும் அப்போதுதான் தோற்றுப்போகின்றன. மழைநாளில் மட்டும் மிஸ் அடிக்கும் வண்டியில் ஈரத்தின் வழியே மின்சாரம் தப்பி ஓடுகிறது எனலாம்.

ஆக்ஸிலரேட்டரைத் திடீரென்று மிதிக்கும் அந்தக் கணத்தில் மட்டும் தயங்குகிறதா? காற்று இலேசானது, உடனே பாய்ந்துவிடும். பெட்ரோல் அதற்குப் பின்தங்கும். ஒரு பகுதி குழாய்ச் சுவரிலும் படிந்துவிடும். இக்குறையை ஈடுசெய்யப் பல கார்புரேட்டர்களில் ஒரு சிறு பம்ப் பெட்ரோலைப் பீய்ச்சுகிறது. அது பழுதானால் தயக்கம் தோன்றும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

இனி சந்தேகத்தைச் சோதிக்கலாம். அனுபவமுள்ள மெக்கானிக் உடனிருக்கட்டும். திறந்தவெளியில், கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டே எஞ்சினை ஓட்ட வேண்டும். மூடிய ஷெட்டில் சேரும் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும்.

பாயிண்ட் வைத்த பழைய கார்களில், எஞ்சினை நிறுத்தி, ஒரு பிளக்கின் வயரைக் கழற்றி, அதன் முனையை எஞ்சின் உலோகத்தோடு இணைத்து, மீண்டும் ஓட்டிப் பாருங்கள். நடுக்கம் அதிகமானால் அந்தச் சிலிண்டர் நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது. மாற்றமே இல்லையென்றால் அதுதான் நோயாளி. எஞ்சின் ஆறிய பின், அதன் பிளக்கையும் பக்கத்துச் சிலிண்டரின் பிளக்கையும் இடம் மாற்றிப் போடுங்கள். நோய் பிளக்கோடு சேர்ந்து இடம் மாறினால் குற்றவாளி பிளக். மாறாவிட்டால் அடுத்து வயரை மாற்றிப் பாருங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது காரணம் என்று ஒருபோதும் தெரியாது.

கழற்றிய பிளக்கின் நிறமும் கதை சொல்லும். இளம் பழுப்பு ஆரோக்கியம். உலர்ந்த கரி, பெட்ரோல் மிகுதி. எண்ணெய்ப் பிசுக்கு, எஞ்சின் ஆயில் உள்ளே வருகிறது. வெளுத்துப் போயிருந்தால், சூடு மிகுதி அல்லது பெட்ரோல் குறைவு.

தீப்பொறியும் கலவையும் சரியாக இருந்தால், கம்ப்ரஷன் கேஜ் வைத்து அமுக்கத்தை அளக்க வேண்டும். ஒரு சிலிண்டரில் மட்டும் அளவு வெகுவாகக் குறைந்தால், அதற்குள் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மீண்டும் அளக்கிறார்கள். அளவு உயர்ந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஆயில் அதன் இடுக்கை அடைத்துவிட்டது. உயராவிட்டால் வால்வைப் பார்க்க வேண்டும். அடுத்தடுத்த இரு சிலிண்டர்களில் குறைந்தால் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம்.

கணிப்பொறி வந்த பிறகு

இன்றைய கார்களில் கார்புரேட்டர் இல்லை; இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீய்ச்சுகிறது. வயரைக் கழற்றும் சோதனையை இவற்றில் செய்யலாகாது. மின்னணுப் பகுதிகள் பழுதாகும். எரியாத பெட்ரோல் புகைக்குழாயிலுள்ள வினையூக்கி மாற்றிக்குள் எரிந்து, அதன் தேன்கூடு போன்ற உட்பகுதியை உருக்கியும் விடும். மிஸ்ஸிங்கோடு வண்டியை ஓட்டிக்கொண்டே இருப்பதிலும் இதே ஆபத்து உண்டு. ஆகவே எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் வேகத்தைக் குறைத்து, வண்டியை ஓரங்கட்டுவதே நல்லது.

அமெரிக்காவில் 1996 முதல் எல்லாப் புதிய கார்களிலும் கட்டாயமான ஓபிடி-2 முறை, கிராங்க் தண்டின் வேகத்தை இடைவிடாது கவனிக்கிறது. ஓர் எரிப்பு தவறினால் தண்டு அந்த நொடியில் சற்றே பின்தங்கும். நம் காது தாளத்தில் கேட்டதையே கருவி அளக்கிறது. பி0303 என்ற குறியீடு வந்தால் மூன்றாம் சிலிண்டர் மிஸ் ஆகிறது என்று பொருள்.

ஆனால் ஏன் மிஸ் ஆகிறது என்பதைக் குறியீடு சொல்வதில்லை. சில வேளை கருவியே ஏமாறும். எரியாத சிலிண்டரிலிருந்து பெட்ரோலோடு ஆக்சிஜனும் வெளியேறுகிறது. புகைக்குழாயிலுள்ள உணரி ஆக்சிஜனை மட்டுமே உணர்ந்து, "பெட்ரோல் போதவில்லை" என்று தெரிவிக்கிறது. கணிப்பொறியும் மேலும் பெட்ரோலை விடுகிறது! இந்நிலையில் இன்ஜெக்டரை மாற்றுபவர் பணத்தை இழப்பார். பிளக்கைச் சோதிப்பவர் காரைக் குணப்படுத்துவார்.

எனவே உங்கள் வீட்டுக் காரோ, நண்பரின் காரோ பட்டறைக்குப் போகும்போது, "மிஸ்ஸிங்" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். ஐடிலிங்கிலா, மேட்டிலா, மிதித்த கணத்திலா, மழைநாளிலா, தாளம் ஒழுங்காக இருந்ததா, இல்லையா என்று கவனித்துச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக்குக்கு அதைவிடப் பயனுள்ள கருவியை உங்களால் கொடுக்க முடியாது.