வரைவோம், வீட்டு முகங்களை!

இளையரசனேந்தலில் உள்ள எங்கள் பழைய வீட்டின் கூடத்துச் சுவரில் ஆண்டுதோறும் ஒரு புதிய நாள்காட்டி ஏறும். ஆண்டு முடிந்ததும் அதிலிருந்த முருகனோ திருமகளோ வெட்டியெடுக்கப்பட்டுச் சட்டத்துக்குள் புகுவர். அந்தச் சுவரில் தெய்வங்களுக்கு இடமிருந்தது; தலைவர்களுக்கும் இடமிருந்தது. வீட்டைத் தாங்கி நின்ற என் தாயாரின் படம் மட்டும் இல்லை. அவர் மறைந்தபோது மாலையிடக் கிடைத்தது, வாக்காளர் அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கப்பட்ட, கண்ணும் மூக்கும் கலங்கிய ஒரு படம்தான்.

அந்தக் குறையே, பணி ஓய்வுக்குப் பிறகு என்னைப் பென்சில் எடுக்க வைத்தது. நான் ஓவியம் கற்றவன் அல்லன். தீப்பெட்டி ஒட்டும் கோலத்தில் தாயாரை வரைய முனைந்தேன். கரிசல் பூமியில் மழை பொய்த்த ஆண்டுகளில் பல வீடுகளில் அடுப்பு எரிந்தது அந்த வேலையால்தான். குரோஸ் கணக்கில் கூலி. ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டிகள். ஆனால், வரைய அமர்ந்தபோது ஓர் உண்மை உறைத்தது. அவர் எந்தக் கையால் பசை தடவினார், ஒரு காலை மடக்கி அமர்ந்தாரா, இரு காலையும் நீட்டி அமர்ந்தாரா என்பது எனக்கு நினைவில்லை. பல்லாண்டுகள் எதிரே இருந்தும் நான் அவரைப் பார்த்திருக்கவில்லை.

என் அக்காளை அமரச் சொல்லி அந்தக் கோலத்தை அறிந்துகொண்டேன். ஒரு மணி நேரம் அசையாமல் அமர்ந்திருந்துவிட்டு, 'என்னய யாரும் இம்புட்டு நேரம் உத்துப் பாத்ததே இல்ல தம்பி' என்றார். உருவ ஓவியத்தின் பயன் என்னவென்று கேட்போருக்கு நான் சொல்லும் விடை அதுதான்.

உருவம் வரைதல் பிறவி வரம் பெற்றோருக்கு மட்டுமே உரியது என்ற எண்ணம் பலரைத் தடுக்கிறது. உண்மையில், அதன் தொடக்கப் பாடங்கள் அளவைகளே. வளர்ந்தவரின் உயரம் ஏறத்தாழ ஏழு அல்லது ஏழரைத் தலையளவு. ஒரு வயதுக் குழந்தைக்கு நான்கு தலையளவு. கண்கள் தலையின் மேற்பகுதியில் இருப்பதாக நினைக்கிறோம். அவை உச்சிக்கும் மோவாய்க்கும் நடுவே உள்ளன. ஒளி ஒரே சன்னலிலிருந்து விழுமாறு ஒருவரை அமர்த்தினால், முகத்தின் மேடு பள்ளங்களை நிழலே எடுத்துக் காட்டிவிடும். நீர்வண்ணத்தில் தாளின் வெண்மையே ஒளி. ஆகவே, வெளிர் நிறத்தில் தொடங்கி அடர் நிறத்துக்குச் செல்ல வேண்டும். இவ்வளவையும் பழகுவதற்குப் பெருஞ்செல்வம் வேண்டாம், பொறுமை வேண்டும்.

எங்கள் வட்டாரத்துக்கு ஓவியம் புதியதன்று. சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை தீட்டி, 1940-களில் கோவில்பட்டியில் நிலைகொண்டவர் சி. கொண்டையராஜு (1898-1976). அவரும் அவருடைய மாணாக்கர்களும் தீட்டிய தெய்வப் படங்கள், சிவகாசி அச்சகங்கள் வழியாக நாடெங்கும் வீடுகளை அடைந்தன. தெய்வத்தை வீட்டுக்குள் கொண்டுவந்த அந்த மண்ணில், வீட்டு மனிதர்கள் படச்சட்டத்துக்குள் வர நெடுங்காலம் ஆகியிருக்கிறது.

பெரும் ஓவியர்களும் குடும்பத்தையே நாடியிருக்கின்றனர். ராஜா ரவிவர்மா 1893-இல் தீட்டிய 'அதோ அப்பா வருகிறார்' என்ற ஓவியத்தில் குழந்தையை ஏந்தி நிற்பவர் அவருடைய மகளே. நம் காலத்தில், கும்பகோணம் வட்டாரத்திலிருந்து வந்த ஓவியர் இளையராஜா, சமையலறை வெளிச்சத்திலும் வாசற்படியிலும் நிற்கும் தமிழ்ப் பெண்களைப் புகைப்படமோ என்று ஐயுறும் வண்ணம் தீட்டினார். 2021-இல் கரோனா அவரைப் பறித்தபோது, ஓவியக்கூடத்துக்குள் காலடி வைத்திராதவர்களும் கலங்கினர். அந்தப் படங்களில் அவரவர் தாயையும் தமக்கையையும் கண்டதே அதற்குக் காரணம்.

வயது ஒரு தடையா? இரவீந்திரநாத் தாகூர் ஓவியத்தில் தீவிரமாக இறங்கியது அறுபது வயதைக் கடந்த பிறகுதான். முறையான பயிற்சி இல்லாத அவருடைய படைப்புகள் 1930-இல் பாரிஸில் காட்சிக்கு வைக்கப்பட்டன. அமெரிக்காவில் 'பாட்டி மோசஸ்' என்று அழைக்கப்பட்ட உழவர் குடும்பத்துப் பெண், மூட்டுவலியால் பூவேலை செய்ய இயலாமற்போனதும், எழுபதுகளின் பிற்பகுதியில் தூரிகை பிடித்தார். தாம் வாழ்ந்த பண்ணை வாழ்க்கையைத் தீட்டிய அவர், 101 வயது வரை வாழ்ந்தார்.

கைப்பேசியில் ஆயிரம் படங்கள் இருக்கையில் வரைவதேன் என்று என் மகன் கேட்டான். நியாயமான கேள்விதான். புகைப்படத்தை நான் மறுக்கவில்லை. எனக்கும் அது துணை செய்கிறது. ஆனால், நொடியில் எடுத்த படத்தை நாம் நொடியில் கடந்துவிடுகிறோம். ஒரு கையை வரைவதற்கு அதனோடு ஒரு மாலைப்பொழுதைக் கழிக்க வேண்டியிருக்கிறது. காய்ப்பு எந்த விரலில், வீக்கம் எந்தக் கணுவில் என்று தெரிந்துகொண்ட பிறகு, அந்தக் கைக்கு உரியவரிடம் முன்போல் எரிந்துவிழ மனம் வருவதில்லை.

பள்ளிகளில் ஓவியப் பாடவேளை மற்றப் பாடங்களுக்குக் கடன் கொடுக்கும் நேரமாகிவிடக் கூடாது. 'இயற்கைக் காட்சி வரைக' என்று மலையும் சூரியனும் தென்னையும் வரையவைக்கும் ஆசிரியர்கள், 'உன் பாட்டியைப் பார்த்து வரைந்து வா' என்று ஒருமுறை சொல்லிப் பார்க்கலாம். கோடு கோணலாக இருக்கலாம்; அந்தக் குழந்தை பாட்டியின் அருகே அரை மணி நேரம் அமர்ந்திருக்கும்.

என் தாயாரின் படம் இப்போது அதே சுவரில், முருகனுக்குப் பக்கத்தில் இருக்கிறது. முழங்கால் சரியாக அமையவில்லை. முகச்சாயலும் பாதி அக்காளுடையது. ஆனாலும், 'இது யாரு தாத்தா?' என்று பேத்தி கேட்கிறாள். கலங்கிய அந்தப் புகைப்படத்தைப் பார்த்து அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

உங்கள் வீட்டிலும் வரையப்படாத முகம் ஒன்று இருக்கும். அவர் எதிரே அமர்ந்திருக்கும்போதே தொடங்கிவிடுங்கள்.