நாற்பது டன்னை இழுக்கும் மின்சாரம்

2024ஆம் ஆண்டு கோடையில் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரிலிருந்து இரண்டு மின்சார டிரெய்லர் லாரிகள் புறப்பட்டன. இரண்டும் மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனத்தின் இ-ஆக்ட்ரோஸ் 600 வகை வண்டிகள். வடக்கே நார்வேயின் நார்த் கேப் முனை வரைக்கும், தெற்கே ஸ்பெயினின் தாரிஃபா வரைக்கும் ஓடின. 22 நாடுகள், 15,000 கிலோமீட்டருக்கு மேல். வண்டியும் பாரமும் சேர்ந்து ஒவ்வொன்றும் 40 டன். போகும் வழியில் உள்ள பொதுச் சார்ஜர்களிலேயே மின்சாரம் ஏற்றிக்கொண்டன. ஓடி முடித்துக் கணக்குப் பார்த்தபோது 100 கிலோமீட்டருக்குச் சராசரியாக 103 யூனிட் செலவாகியிருந்தது. வீட்டு மின்கட்டண அட்டையில் குறித்துவிட்டுப் போகிறார்களே, அதே யூனிட்தான்.

மின்சார லாரி என்றதும், ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம் போகும் என்றுதான் பலரும் கேட்கிறார்கள். பேட்டரியைப் பெரிதாக்கினால் தூரமும் கூடும். அதை வைத்து வண்டியின் திறமையை அளக்க முடியாது. கிலோமீட்டருக்கு எத்தனை யூனிட் என்று கேட்க வேண்டும். இ-ஆக்ட்ரோஸ் ஓட்டம் தயாரிப்பாளரே நடத்தியது, எனவே சந்தேகப்படுவது நியாயம். ஆனால் 2022இல் லாரி இதழாளர் ஒருவர் வோல்வோ எஃப்.எச். மின்சார லாரியை 40 டன்னுடன் ஜெர்மனியின் மேடுபள்ளமான ஒரு சோதனைப் பாதையில் 343 கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தார். அவருக்குக் கிடைத்த எண் கிலோமீட்டருக்கு 1.1 யூனிட். இருவேறு நிறுவனங்களின் வண்டிகள் ஏறக்குறைய ஒரே எண்ணைத் தருகின்றன என்றால், அதற்குப் பின்னால் இயற்பியல் இருக்கிறது.

சமதளத்தில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் லாரியை இரண்டு விசைகள் பின்னுக்கு இழுக்கின்றன. ஒன்று டயர் உருளும்போது நசுங்கி நிமிர்வதால் வரும் தடை. இது பாரத்தைப் பொறுத்தது. மற்றொன்று காற்று. இதற்கு எடையைப் பற்றிக் கவலையில்லை. வண்டியின் முகப்பும் வேகமுமே கணக்கு. 40 டன் வண்டிக்கு அந்த வேகத்தில் இரண்டும் கிட்டத்தட்டப் பாதிப் பாதி. இரண்டையும் வெல்லக் கிலோமீட்டருக்கு ஒரு யூனிட் தேவைப்படுகிறது. மின்மோட்டார் தனக்கு வரும் மின்சாரத்தில் பெரும்பகுதியைச் சக்கரத்துக்கே கொடுத்துவிடுவதால் செலவும் அதை ஒட்டியே நிற்கிறது. இதே வேலைக்கு டீசல் லாரி 100 கிலோமீட்டருக்குச் சுமார் 30 லிட்டர் குடிக்கும். ஒரு லிட்டர் டீசலில் உள்ள ஆற்றல் ஏறத்தாழ 10 யூனிட்டுக்குச் சமம். ஆக, கிலோமீட்டருக்கு மூன்று யூனிட். அதில் பாதிக்கும் மேல் புகைபோக்கி வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெப்பமாகப் போய்விடுகிறது.

வேகம் கூடினால் கதை மாறும். காற்றுத்தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவது. 80இலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்துக்குப் போனால் அந்தப் பங்கு மட்டும் ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும். அமெரிக்காவிலிருந்து வரும் எண்களைப் படிக்கும்போது இதை மறக்கக்கூடாது. டெஸ்லாவின் செமி லாரியை டி.எச்.எல். நிறுவனம் கலிபோர்னியாவில் இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்தது. 34 டன் மொத்த எடையுடன் ஒரே சார்ஜில் 628 கிலோமீட்டர் போனது. சோதனை முழுவதற்குமான சராசரி கிலோமீட்டருக்கு 1.07 யூனிட். ஆர்க்பெஸ்ட் நிறுவனம் அதே வகை லாரியை மூன்று வாரத்தில் 7,200 கிலோமீட்டர் ஓட்டியதில் 0.96 வந்தது. நல்ல எண்கள்தான். ஆனால் கலிபோர்னியாவில் கனரக லாரிகளுக்குச் சட்டப்படி வேகவரம்பு மணிக்கு 88 கிலோமீட்டர். அதைவிட வேகமாக லாரிகள் பறக்கும் மாநிலங்களில் இதே வண்டி இதே எண்ணைத் தராது.

மலைப்பாதையில்தான் மின்சார லாரி எனக்கு மிகவும் பிடித்துப்போகிறது. 40 டன்னை 1,000 மீட்டர் உயரம் ஏற்ற, ஓடும் செலவு போக, 110 யூனிட் தனியாக வேண்டும். டீசல் லாரி உறுமிக்கொண்டு, கியர் இறக்கி, வேகம் குறைந்து ஏறும். மோட்டாருக்கு மெதுவான சுழற்சியிலும் முழு இழுவிசை உண்டு என்பதால் மின்சார லாரி வேகம் அதிகம் குறையாமல் ஏறிவிடுகிறது. ஆர்க்பெஸ்ட்டின் ஓட்டத்தில் 2,000 மீட்டருக்கும் மேல் உயரமுள்ள டானர் கணவாயும் இருந்தது. ஏற்றத்தைவிட இறக்கம்தான் ஓட்டுநருக்குப் பயம். பாரத்தோடு இறங்கும்போது பிரேக் காய்ந்து, பிடிக்காமல் போய், வண்டி கையை மீறிய விபத்துகள் எத்தனை! மின்சார லாரியில் இறக்கத்தின்போது மோட்டாரே மின்னாக்கியாக மாறி வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது; ஏறும்போது செலவழித்ததில் நல்ல பங்கு பேட்டரிக்குத் திரும்பிவிடுகிறது. பேட்டரி ஏற்கெனவே நிறைந்திருந்தால் இந்த வசதி குறையும். அதனால் மலையுச்சியில் முழுச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு கிளம்புவது நல்லதல்ல.

பேட்டரியின் எடை ஒரு நிஜமான தொல்லை. இ-ஆக்ட்ரோஸின் 600 யூனிட் பேட்டரி சில டன் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் புகையில்லா லாரிகளுக்கு 2 டன் வரை கூடுதல் எடை அனுமதிக்கிறது. அப்படியும் இதில் ஏற்றக்கூடிய சரக்கு சுமார் 22 டன். இது எல்லாச் சரக்குக்கும் ஒரே மாதிரி இழப்பல்ல. 2022 டிசம்பரில் முதல் செமி லாரிகளைப் பெற்ற பெப்சிகோ, உருளைக்கிழங்கு வறுவலை ஏறத்தாழ 680 கிலோமீட்டர் வரை அனுப்பியது. குளிர்பானங்களுக்கு முதலில் 160 கிலோமீட்டர் அளவிலான நடைகளைத்தான் கொடுத்தது. வறுவல் ஏற்றினால் எடை வரம்பைத் தொடுமுன்பே டிரெய்லர் நிரம்பிவிடும். குளிர்பானம் அப்படியல்ல, ஒவ்வொரு டன்னும் காசு. சிமெண்டும் இரும்பும் ஏற்றுகிறவருக்குப் பேட்டரியின் எடை வலிக்கும். துணியும் பொட்டலச் சரக்கும் ஏற்றுகிறவர் அதைக் கவனிக்கக்கூட மாட்டார்.

நேரக் கணக்கு ஐரோப்பாவில் அழகாகப் பொருந்தியிருக்கிறது. அங்கே ஓட்டுநர் நாலரை மணிநேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுத்தே ஆக வேண்டும். நாலரை மணிநேரத்தில் 360 கிலோமீட்டர். செலவு 370 யூனிட். அதற்கு 600 யூனிட் பேட்டரி தாராளம். இப்போதைய 400 கிலோவாட் சார்ஜரில் 20 விழுக்காட்டிலிருந்து 80 வரை ஏற்ற ஒரு மணிநேரம் ஆகிறது. மெகாவாட் சார்ஜரில் அரை மணி போதும். ஓட்டுநர் சாப்பிட்டு வருவதற்குள் வண்டியும் தயாராகிவிடும். 2023 செப்டம்பரில் வட அமெரிக்காவில் நடந்த பொதுக் கண்காணிப்பு ஓட்டம் ஒன்றில், பெப்சிகோவின் செமி லாரி இடையிடையே வேகச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு ஒரே நாளில் 1,730 கிலோமீட்டர் ஓடிக் காட்டியது.

தடை இருப்பது வண்டிக்கு வெளியே. 20 லாரிகள் ஒரே நேரத்தில் 750 கிலோவாட்டில் சார்ஜ் ஏற்றினால் கிடங்குக்கு 15 மெகாவாட் வேண்டும்; அதற்குத் தனித் துணைமின் நிலையமே தேவைப்படலாம். லாரி வந்து சேர்ந்துவிடும், மின் இணைப்பு வராது. விலையும் டீசல் லாரியைப் போல இரு மடங்குக்கு மேல். நாள்தோறும் நெடுந்தூரம் ஓடினால்தான், எரிபொருளில் மிச்சமாகும் பணம் அதை ஈடுகட்டும். ஜெர்மனியில் புகையில்லா லாரிகளுக்கு நெடுஞ்சாலைச் சுங்கம் கிடையாது. அங்குள்ள முதலாளிகளின் கணக்கில் இது பெரிய தொகை.

சார்ஜர் இருந்தாலும் நிறுத்த இடம் வேண்டும். ஐரோப்பாவின் பொதுச் சார்ஜர்கள் பெரும்பாலும் கார்களுக்காக அமைந்தவை. பதினாறு மீட்டர் நீள லாரி அங்கே நுழைய முடியாமல், ஓட்டுநர் டிரெய்லரைக் கழற்றி ஓரத்தில் விட்டுவிட்டு, முன்வண்டியை மட்டும் கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்றி, திரும்பி வந்து மறுபடி மாட்ட வேண்டியிருக்கிறது. 45 நிமிட ஓய்வு அதிலேயே கரைந்துவிடும். டைம்லர், வோல்வோ, டிராட்டன் மூன்றும் சேர்ந்து தொடங்கிய மிலென்ஸ் நிறுவனம், 2027க்குள் குறைந்தது 1,700 லாரிச் சார்ஜர்களை நிறுவ இலக்கு வைத்திருக்கிறது. டிரெய்லரைக் கழற்றாமல் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் தடங்கள் அத்தகைய நிலையங்களில் அமைகின்றன.